மழைக்கால வேலையும் குழந்தைகளின் விளையாட்டும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிய நாள் முதல், தை பிறக்கும் வரையிலுள்ள மூன்று மாத காலத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல உத்தேசிக்கிறேன். இந்த மூன்று மாதங்களில் பயிருக்குச் செய்ய வேண்டியது யாது, கால்நடைக்குச் செய்ய வேண்டியது யாது, கடன் தவணையை எவ்வாறு சமாளிப்பது என்பவற்றை உங்களுக்குப் பலர் பலமுறை எடுத்துச் சொல்லியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைவிடச் சிறியதாகத் தோன்றக்கூடும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் குழந்தைகள் எவ்வளவு வேலை செய்கிறார்கள், எவ்வளவு விளையாடுகிறார்கள், அவ்விரண்டுக்கும் பொழுது எவ்விதம் பங்கிடப்படுகிறது என்பதே அது.

உதாரணத்துக்குச் சென்னைக்கு வடபாகத்திலுள்ள தண்டையார்பேட்டையை எடுத்துக்கொள்கிறேன். நகரத்துப் பேட்டையின் சங்கதி கிராமத்தாருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பேட்டையின் பெயரே வெளியூரிலிருந்து வந்த ஒருவரால் ஏற்பட்டது என்பர். தொண்டிக்கு அருகிலிருந்து வந்து அங்கே தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று ஜனங்கள் அழைத்ததாகவும், அதுவே ஊருக்குப் பெயராயிற்றென்றும் சொல்லுகிறார்கள். அவருக்குப் பின் அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோரும் கிராமங்களை விட்டு வந்தவர்களே. துறைமுகத்தில் மூட்டை தூக்கவும், பட்டறைகளிலும் கிடங்குகளிலும் கூலி வேலை செய்யவும் வந்த குடும்பங்கள் அவை. கிழக்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். வடக்கே திருவொற்றியூர், அதற்கப்பால் எண்ணூர்க் குப்பங்கள். ஆகவே உங்கள் வீட்டுக் கூடத்திலும் உங்கள் உறவினர் வீட்டு ஒற்றை அறையிலும் மழை பெய்யும்போது நடப்பது ஒன்றுதான். இடம் குறுகியிருப்பதால் அங்கே அது தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படுகிறது.

சென்னையில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் சிறு படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கின்றன. கட்டட வேலை நின்றுபோகிறது. தெருவில் தண்ணீர் நின்றால் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் வருமானம் இல்லை. ஜில்லா கலெக்டர் விடுமுறை அறிவித்ததும் பள்ளிக்கூடமும் மூடப்படுகிறது. தகப்பனார், தாயார், பாட்டி, மூன்று குழந்தைகள் ஆகிய எல்லோரும் பத்தடிக்குப் பத்தடி அறையில் பகல் முழுவதும் அடைபட்டிருக்க நேர்கிறது.

இந்த நாட்களில் வீட்டு வேலை குறைவதில்லை, பெருகுகிறது. துவைத்த துணி உலருவதற்கு மூன்று நாள் ஆகிறது; அதுவரை அதை இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒழுகும் இடத்தில் வைத்த பாத்திரம் நிறையும்தோறும் கொட்ட வேண்டும். குடிநீரைக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். அரிசியில் ஈரம் ஏறாமல் மூடவேண்டும். அடிபம்பில் சேறு கலந்த தண்ணீர் வந்தால் லாரித் தண்ணீருக்காக முக்காடிட்டு நிற்க வேண்டும். கைக்குழந்தை வாசலுக்குத் தவழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் பெரும்பகுதி யார் தலையில் விழுகிறது? தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் தாயார், கரையில் மீன் வராத நாளில் வேறு கூலிக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுகிறார். ஆகையால் பத்து அல்லது பன்னிரண்டு வயதுள்ள மூத்த பெண் அன்று அந்த வீட்டின் குடும்பத் தலைவியாகிறாள்.

இங்கே ஒரு விபரீதத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டிலுள்ள ஆண்மகனுக்கு வருஷத்திலேயே மிகக் குறைவாக வேலை இருக்கும் காலமும், வீட்டிலுள்ள சிறுமிக்கு மிக அதிகமாக வேலை இருக்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. படகு கரையில் கிடக்கிறது. தகப்பனார் வலை செப்பனிடுகிறார், அது முடிந்ததும் நண்பர்களோடு சீட்டுக்கோ கேரம் பலகைக்கோ போகிறார். தம்பி அவர் பின்னால் ஓடுகிறான். அக்காளுக்கு மட்டும் விடுமுறை என்ற பெயரில் வேலை நாள் பிறக்கிறது. மழைக்கால விடுமுறை என்றதும் மகிழ்ச்சியோடு கூவாத சிறுமியை நீங்கள் காண்பீர்களாயின், காரணம் இதுவாகவே இருக்கும்.

இது என் ஊகம் மாத்திரமன்று. 2019-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கப் புள்ளிவிவர இலாகாவினர், ஜனங்கள் ஒரு நாளை எவ்விதம் கழிக்கிறார்கள் என்று நாடெங்கும் விசாரித்துக் கணக்கெடுத்தனர். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்பாலார் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷங்களும், ஆண்பாலார் 97 நிமிஷங்களும் அதில் செலவிடுவதாகத் தெரியவந்தது. அதிலும் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அவ்வேலையில் ஈடுபட, ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே ஈடுபட்டனர். உலகத்துக் குழந்தைகளைப் பற்றி ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி நிறுவனத்தார் 2016-இல் வெளியிட்ட கணக்கிலும், ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறுமியர் அதே வயதுச் சிறுவரைவிட நூற்றுக்கு 40 பங்கு அதிக நேரம் வீட்டு வேலை செய்வதாகக் கண்டிருக்கிறது. அந்த 40 பங்கு எங்கிருந்து வருகிறது? தூக்கத்திலிருந்தும் படிப்பிலிருந்தும் ஓரளவு வரலாம். ஆனால் முதலில் பறிபோவது விளையாட்டு நேரமே. ஏனெனில் அதைப் பறித்தால் கேட்பார் ஒருவருமில்லை.

குழந்தைகள் வேலையே செய்யக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் இங்குள்ள தாய்மார்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வேலை செய்யத் தெரியாமல் வளருகிற பிள்ளை பிற்காலத்தில் தானும் துன்புற்றுப் பிறரையும் துன்புறுத்துவான். ஐந்து வயதுக் குழந்தைக்கு வேலை என்பது தண்டனையன்று என்பதை டாக்டர் மரியா மாண்டிஸோரி அம்மையார் நன்கு விளக்கிக் காட்டியிருக்கிறார். அவர் 1907-ஆம் வருஷம் ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட பிறகு மாடிப்படிகளிலும் சுவர்களிலும் சேஷ்டை செய்துகொண்டிருந்த குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே அதன் முதல் நோக்கம். அக்குழந்தைகள் கையளவுக்கேற்ற துடைப்பத்தால் பெருக்குவதையும், சிறு குவளையால் தண்ணீர் ஊற்றுவதையும், பாத்திரம் துலக்குவதையும் எவரும் வற்புறுத்தாமல் திரும்பத் திரும்ப ஆசையோடு செய்தார்கள். அந்த அம்மையார் 1939-ஆம் வருஷம் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்த காலம் முழுவதையும் இந்தியாவிலேயே கழித்தார். தண்டையார்பேட்டைக்கும் சான் லொரென்ஸோவுக்கும் தூரம் அதிகமாயினும், இரண்டிலும் குடியிருந்தவர்கள் ஒரே வகையினர்.

ஆனால் அவருடைய முறையில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கருவி குழந்தையின் கைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். வேலையை எப்போது நிறுத்துவது என்பது குழந்தையின் இஷ்டமாக இருக்க வேண்டும். பதினைந்து லிட்டர் குடத்தை இடுப்பில் ஏற்றி, லாரி போவதற்குள் நிரப்பிவா என்று துரத்துகிற இடத்தில் இவ்விரண்டு நிபந்தனைகளும் இல்லை. "வேலையையே விளையாட்டாக எண்ணிச் செய்" என்று பெரியவர்கள் சொல்லும் உபதேசம் இங்கேதான் பிசகுகிறது. அதைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாதவராகவே இருப்பார்.

கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் வேலையும் விளையாட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதற்கு அதைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேறில்லை. வாசல் தெளிப்பது வேலை. கோலப்பொடியை விரலிடுக்கில் வழியவிட்டுப் புள்ளி வைப்பதும் வேலைதான். ஊடுபுள்ளியாக நடுவில் ஏழு வைத்து, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைத்துக்கொண்டு வந்தால் 37 புள்ளிகள் ஆகின்றன. அந்த 37 புள்ளிகளையும் ஒன்றும் விடாமல் சுற்றி, ஒரே இழையாகப் புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர முடியுமா என்று ஒரு சிறுமி யோசிக்கத் தொடங்கும் கணத்தில் வேலை முடிந்து சிருஷ்டி ஆரம்பமாகிறது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த கிஃப்ட் சிரோமணி என்பவர், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974-ஆம் வருஷத்தில் கோலங்களின் இலக்கணத்தைப் பற்றி ஒரு கணித ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். கணிப்பொறி படம் வரைவதற்கான விதிகளை ஆராய்ந்தவர்கள், நம் பெண்கள் விடியற்காலையில் வாசலில் குனிந்து செய்வதில் அதே விதிகள் அடங்கியிருக்கக் கண்டார்கள்.

ஆயினும் அடைமழை நாட்களில் வாசலில் கோலம் நில்லாது, போட்டவுடன் கரைந்துவிடும். மார்கழியில் மழை சற்று ஓய்ந்ததும்தான் தெருவெல்லாம் கோலம். அதுவரை உட்கூடத்தில் ஊறவைத்து அரைத்த அரிசிமாவைத் துணியில் தோய்த்து இழைக்கோலம் போடலாம். பலகையில் சாக்குக்கட்டியால் போட்டு அழித்துப் போடலாம். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்ஸிலால் போட்டுப் பார்க்கலாம். இதில் சிறுவர்களையும் சேர்க்க வேண்டுமென்பது என் கட்சி. கோலத்தில் சிக்கிய பையன் கணக்கில் சிக்கமாட்டான்.

இப்படியெல்லாம் சொன்னபிறகும் ஒன்றை மறுபடி வற்புறுத்துகிறேன். நேரம் இல்லாத சிறுமிக்குக் கோலமும் ஒரு பாரமே. ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பதற்கு முன் நாலு புள்ளி, எட்டுக் கோடு என்று இழுத்துவிட்டு ஓடுகிறவள் எதையும் சிருஷ்டிக்கவில்லை. இன்னொரு புள்ளி வைத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பதற்குக் கொஞ்சம் வெறும் பொழுது வேண்டும். அந்த வெறும் பொழுதை அவளுக்கு யார் கொடுப்பது?

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களாகிய உங்களுக்கு இது புதிய கணக்கன்று. கடல் மீனவர்களுக்காக ஏற்பட்ட சேமிப்பு நிவாரணத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மீன் கிடைக்கும் ஒன்பது மாதங்களில் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் செலுத்தினால், மத்திய, மாநில அரசாங்கங்கள் 3,000 ரூபாய் சேர்த்து, ஆக 4,500 ரூபாயை மீன் கிடைக்காத மூன்று மாதங்களில் கொடுப்பது என்று அதில் கணக்கு வகுத்தார்கள். அதன் தத்துவம் யாது? மெலிந்த காலம் வருமென்று முன்னமே அறிந்து, இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு மாற்றுவதே. வீட்டில் மழைக்காலத்தில் பெரிய ஆண்களிடம் பொழுது இருக்கிறது, சிறுமிகளிடம் இல்லை. பணத்துக்குச் செய்த அதே மாற்றத்தைப் பொழுதுக்கும் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அதாவது, படகு போகாத நாளில் தண்ணீர் எடுப்பது தகப்பனாருடைய வேலை. தண்டையார்பேட்டையில் சைக்கிளின் இருபுறமும் குடங்களைக் கட்டி ஓட்டிக்கொண்டு போகும் ஆண்களைப் பலமுறை பார்க்கலாம். அங்கே அதைக் குறைவாக எவரும் எண்ணுவதில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் பிற்பகலில் அவரால் இயலும். வலை பின்னுகிற கைக்குத் தொட்டில் கயிறு இழுப்பது கடினமா? ஆறு முதல் ஒன்பது வயதுள்ள குழந்தைக்கு ஒரு மணி நேர வேலையும், பத்து முதல் பதினான்கு வயதுள்ள குழந்தைக்கு இரண்டு மணி நேர வேலையும், அதாவது ஐந்து நாழிகையும், பள்ளிக்கூடமில்லாத மழை நாளுக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். இதைப் பையனுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே வைக்க வேண்டும். பையன் உருளைக்கிழங்கு தோல் சீவினால் குடி முழுகிப்போகாது. இன்னொரு விஷயம்: வேலையை ஓயாமல் இடையிடையே ஏவாமல், ஒரு வேளையில் முடிக்கும்படி கொடுங்கள். "இதை எடு, அதைக் கொண்டா" என்று கால் மணிக்கொருமுறை கூப்பிடப்படுகிற குழந்தைக்கு மொத்த வேலை அரை மணியானாலும் விளையாட்டு ஒன்றும் மிஞ்சாது. தூக்கத்தை அடிக்கடி கலைத்தால் அது தூக்கமாகுமா?

எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக்கூடாத வேலைகளும் உண்டு. தேங்கிய தண்ணீரில் இறங்கிச் சாமான் வாங்கிவர அனுப்பலாகாது. சாக்கடை மூடி திறந்திருப்பதும் மின்கம்பி அறுந்து கிடப்பதும் தண்ணீருக்கு மேல் தெரியாது. கால்வாய்க் கரைக்கும் கடற்கரைக்கும் அனுப்பலாகாது. ஆனால் மழை விட்ட வேளையில் வீட்டைச் சுற்றிலும் சிரட்டை, பழைய டயர், உடைந்த சட்டி ஆகியவற்றில் தேங்கிய நீரைத் தேடிக் கவிழ்க்கச் சொன்னால், குழந்தைகள் அதைப் புதையல் வேட்டை போலவே செய்வார்கள். டெங்குக் கொசு உற்பத்தியாவது அந்தத் தெளிந்த நீரில்தான்.

இனி விளையாட்டைப் பற்றி. மழை நாளில் குழந்தையை அமைதியாக இருக்கச் செய்ய எளிய வழி கைப்பேசியைக் கையில் கொடுப்பது என்று பலரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அமைதி கிடைப்பது உண்மையே. ஆனால் அதில் குழந்தையின் கை எதையும் செய்வதில்லை. அன்றியும் வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது அக்காளிடம் வருவதில்லை. புளியங்கொட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் இந்தக் குறை கிடையாது. பல்லாங்குழிப் பலகை இல்லாவிடினும் தரையில் பதினான்கு வட்டம் வரைந்தால் போதும். பதினைந்து ஆடுகளையும் மூன்று புலிகளையும் வைத்து ஆடும் ஆட்டத்துக்கு ஒரு கரித்துண்டும் சில கற்களுமே மூலதனம். பாட்டிமார்கள் வீட்டில் அடைபட்டிருக்கும் காலமாகையால், அவர்களுக்குத் தெரிந்த ஆட்டங்களைப் பேரக்குழந்தைகள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

நான் அதிகம் மதிப்பது, குழந்தைகள் தாமே ஒரு பொருளைச் செய்து முடிக்கும் விளையாட்டையே. உங்கள் கிராமங்களில் பனை இருக்கிறது. கார்த்திகைத் தீபத்தன்று சுற்றும் மாவலிக்காகப் பனம்பூவைத் தேடிப் பொறுக்கி, உலர்த்தி, மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைத் துண்டுகளுக்கிடையில் வைத்துக் கட்டுவது எத்தனை நாள் வேலை! மழை விட்ட இடைவேளைகளைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது அது. தீ சம்பந்தப்பட்டதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்; இருந்தால் போதும், பிடுங்கிச் செய்ய வேண்டாம். பனையில்லாத தண்டையார்பேட்டையில் அதற்கு ஈடாக வேறு உண்டு. பக்கத்து ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகுதி. டிசம்பர் பிறந்ததும் அத்தெருக் குழந்தைகள் வைக்கோல், அட்டை, பழைய சாக்கு, மூங்கில் குச்சி ஆகியவற்றைச் சேகரித்துக் கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டுகிறார்கள். காகித நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். அடுத்த வீட்டு இந்து, முஸ்லிம் குழந்தைகளும் பசை காய்ச்சிக் கொடுத்துக் கூட நிற்பது எவருக்கும் வியப்பாகத் தோன்றுவதில்லை. பொங்கலுக்கு முந்திய போகியன்று அடிக்கும் மேளத்தோடு அந்தப் பருவம் முடிகிறது.

பொருள் செய்வதிலும் வேலைக்கும் விளையாட்டுக்கும் உறவு உண்டு. தகப்பனார் வலை செப்பனிடும்போது வலை ஊசியில் நூல் நிரப்பிக் கொடுக்கும் குழந்தை, மீந்த நூலில் தானே ஒரு சாண் வலை பின்னிப் பார்க்கிறது. கண்ணி அளவு பிசகினால் அவிழ்த்து மறுபடி பின்னுகிறது. அந்த ஒரு சாண் வலை எந்த மீனையும் பிடிக்காது. அதைக் குப்பையில் எறியாமல் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.

சில வருஷங்களில் மெலிந்த காலம் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கொசஸ்தலை ஆற்றோரக் குப்பங்களில் படகும் வலையும் கறுத்து, மழை நின்ற பிறகும் பல நாட்கள் தொழில் நடக்கவில்லை. அத்தகைய காலத்தில் பெரியவர்களின் மனக்கலக்கம் குழந்தைகள் மேல் கோபமாக விழுவது இயற்கை. அப்போதுதான் அவர்களுக்கென்று ஒதுக்கிய நேரமும் இடமும் மிகவும் தேவைப்படுகின்றன. விளையாட்டு ஒரு குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையின் 31-ஆம் ஷரத்து கூறுகிறது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. வசதியான காலத்துக்கு மட்டும் உரியது என்று அதில் எழுதப்படவில்லை.

இடம் என்றேன். வடசென்னையில் மழை நாளில் ஆண்களுக்கு அவ்விடம் இருக்கிறது. அதுதான் கேரம் மன்றம். தெருமுனையில் ஒரு கொட்டகை, ஒரு பலகை, மேலே தொங்கும் ஒரு விளக்கு. ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், ஒரு சிவப்புக் காய். அந்தப் பகுதி இளைஞர்கள் இதில் மிக்க தேர்ச்சி பெற்றவர்கள். ஆனால் அந்தக் கொட்டகைகளில் சிறுமிகளைக் காண்பது வெகு காலம் வரையில் அரிதாயிருந்தது. காணுமாறு செய்யப்பட்ட இடங்களில் நடந்தது என்ன? வியாசர்பாடியில் ஏழைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த இளவழகி 2008-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்துக் கான் நகரில் கேரம் உலகப் பட்டம் பெற்றார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. அவருடைய தகப்பனார் ஆட்டோ ஓட்டிக்கொண்டே தெருக் குழந்தைகளுக்குக் கேரம் கற்பித்து வந்தவர். தண்டையார்பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரந்தான் அது. உங்கள் பெண்கள் எல்லாரும் பதக்கம் வாங்கவேண்டுமென்று இதைச் சொல்லவில்லை. பதக்கத்தை எண்ணி ஆடினால் அதுவும் ஒரு வேலையாகிவிடும். பலகைக்கு முன் ஒரு சிறுமிக்கு இடமும் நேரமும் கொடுத்தவர் ஒரு தகப்பனார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

உங்கள் சங்கம் இதில் செய்யக்கூடியது சுலபமானது. சங்கக் கட்டடம் மழை நாட்களில் பகற்பொழுது முழுவதும் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. கூரை ஒழுகாத கட்டடம் ஊரில் அது ஒன்றாகவே இருக்கலாம். லாபத்தில் ஒரு பகுதியைப் பொது நன்மைக்குச் செலவிடுவது நம் இயக்கத்தில் பழைய வழக்கம். 1904-ஆம் வருஷத்துக் கடன் சங்கச் சட்டத்துக்குப் பின் வந்த 1912-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, நிகர லாபத்தில் கால் பங்கை ரிஸர்வ் நிதிக்கு எடுத்துவைத்த பிறகு, மிச்சத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல், பதிவாளர் சம்மதத்தோடு தரும காரியத்துக்குக் கொடுக்க இடம் வைத்திருந்தார்கள். கேரம் பலகை ஒன்று, பல்லாங்குழி இரண்டு, சாக்குக்கட்டிப் பெட்டி ஒன்று, பசை, கத்திரிக்கோல், பழைய காகிதம் ஆகிய இவ்வளவுதான் வாங்க வேண்டியது. பழைய கணக்குப் புத்தகங்களின் எழுதாத பக்கங்களே வருஷத்துக்குப் போதும்.

சாமான்களைப் பூட்டி வைக்காதீர்கள். பெரியவர் ஒருவர் உட்கார்ந்து "இப்படி ஆடு, அப்படி வெட்டு" என்று கற்பிக்கவும் வேண்டாம். பன்னிரண்டு வயதுள்ள பெண் ஒருத்தியையும் பையன் ஒருவனையும் வாரத்துக்கு வாரம் மாற்றிப் பொறுப்பாளராக்கி, எடுத்த சாமானையும் திருப்பிய சாமானையும் அவர்களே ஒரு நோட்டில் எழுதும்படி செய்தால், சங்க நடவடிக்கைகளில் அவர்கள் இப்போதே பழகிவிடுவார்கள். கைக்குழந்தையைச் சுமந்து வருகிற சிறுமியைத் திருப்பி அனுப்பலாகாது. குழந்தையைக் கிடத்த ஒரு பாயும், பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியும் இருந்தால் அவளும் ஆடலாம். படகு போகாத நாளில் பாட்டிக்குப் பதிலாக ஒரு தாத்தா இருந்தாலும் தடையில்லை.

பலகை வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மழை ஈரத்தில் கேரம் பலகை ஊறி, காய் ஓடாமல் நின்றுவிடும். ஆகையால் அதைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரமாகச் சாய்த்து வைத்து, ஆடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே மேலே விளக்கைப் போட்டுவிட்டால், அந்தச் சூட்டில் பலகை உலர்ந்துகொள்ளும். போரிக் பொடியை இறுக மூடிய டப்பியில் வைக்க வேண்டும்.

சிறுமிகள் இருட்டிய பிறகு மழையில் வர இயலாதாகையால், அவர்களுக்குரிய நேரத்தைப் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையில் வைப்பது நலம். அந்த இரண்டு மணி நேரத்தில் பெரிய ஆண்கள் பலகையண்டை வரலாகாதென்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகை பிறப்பதற்குள் நிர்வாகக் கமிட்டி ஒருமுறை கூடுமாயின், இவ்வருஷத்து மழைக்கே அது உதவும்.